பீருக்குப் போன இரண்டு வரி

நாடகத்தை ஓசியில் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. மெட்ராஸில் பல வருஷமாக ஒரு அமெச்சூர் நாடகக் குழு நடத்துகிறவன் நான். ஆபீஸ் முடிந்தால் ஒத்திகை, ஒத்திகை முடிந்தால் சபா காரியதரிசிகளின் வீட்டு வாசல் என்று அலைகிறவன். வேறு குழுவின் நாடகத்துக்குப் போனால் வாசலில் நிற்கிறவர், "வாங்க சார், முன் வரிசைக்கு வாங்க" என்பார். அவர் என் நாடகத்துக்கு வந்தால் நானும் அதையேதான் சொல்வேன். நாடகக்காரனிடம் நாடகக்காரன் டிக்கெட் காசு வாங்குவது, கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் சொந்தக்காரனிடம் பில்லை நீட்டுவது மாதிரி. மெல்போர்னில் என்னிடம் அந்த பில்லை நீட்டினார்கள்.

எழுபதுகளின் நடுவில் என் கம்பெனி, புதிதாக வாங்கிய ஒரு இயந்திரத்தைப் பழகிக்கொண்டு வா என்று என்னை சிட்னிக்கு அனுப்பியது. அங்கே ஸ்ட்ராத்ஃபீல்ட் என்ற பகுதியில் சிவஞானம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. பயிற்சி முடிந்து, விமானம் ஏறப் பத்து நாள் பாக்கி இருந்தது. கங்காரு பார்க்கப் போவீர்களா, கடற்கரைக்குப் போவீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். நான் வசந்தாவின் இரண்டு வரி வசனத்தைக் கேட்கப் போகிறேன் என்றேன்.

வசந்தா என் குழுவின் கதாநாயகி. எட்டு வருஷம் என் நாடகங்களைத் தூக்கி நிறுத்தியவள். அழுகைக் காட்சியில் சுமார்தான். ஆனால் சிரிக்க வைப்பதில் அவளுக்கு ஈடு இல்லை. வசனத்துக்கு நடுவில் எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தானாகவே தெரியும். ஈப்போவிலிருந்து வந்த செல்வம் என்ற என்ஜினீயரைக் கல்யாணம் செய்துகொண்டு மெல்போர்னுக்குப் போய்விட்டாள். நியூயார்க்கின் பிராட்வேயில் ஓடிய ஒரு இசை நாடகத்தை அங்கே அப்படியே இறக்குமதி செய்து மேடையேற்றினார்கள். கதையில் யாரோ ஒரு கீழை நாட்டு ராஜா. அரண்மனைக்கு மாநிற முகங்கள் வேண்டியிருந்ததால் இவளுக்கு வேஷம் கிடைத்தது. சிட்னிக்குப் போன் செய்து சொன்னாள்: "சார், எனக்கு ரெண்டு வரி குடுத்திருக்காங்க. ரெண்டாவது வரிக்கு ஹால் முழுக்கச் சிரிக்குது சார். வெள்ளைக்காரங்க சிரிக்கிறாங்க!"

இதைக் கேட்ட பிறகு கங்காருவையா பார்க்கப் போவேன்?

"தம்பி, இஞ்ச ரயிலை நம்பி ஒரு அலுவலும் வைக்கக் கூடாது" என்றார் சிவஞானம். "போன கிழமை நான் வேலையால வரேக்கை பாதி வழியில இறக்கி விட்டவங்கள். ஸ்ட்ரைக் எண்டாங்கள். பேப்பரைப் பாத்துப்போட்டுப் போம்." அவருடைய மனைவி, "குசினிக்குள்ள இடியப்பம் கட்டி வைச்சிருக்கிறன், எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார். அந்த இரண்டு வார்த்தைகளையும் நான் அலட்சியம் செய்யாதது நல்லதாய்ப் போயிற்று. ரயில் நடுவழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை; யாரும் கேட்கவும் இல்லை. நம் ஊராக இருந்தால் இதற்குள் கார்டைச் சுற்றி ஒரு கூட்டம் கூடி, இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். இங்கே எல்லோரும் இறங்கிப் போய், உள்ளே மாட்டிறைச்சி வைத்த பணியாரம் ஒன்றை வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் சைவம் என்று சொன்னதற்கு, இரண்டு ரொட்டிக்கு நடுவே பீட்ரூட் வில்லை ஒன்றை வைத்துக் கொடுத்தாள் கடைக்காரி. சட்டையெல்லாம் சிவப்புக் கறை. இடியப்பம்தான் உயிரைக் காப்பாற்றியது.

சனிக்கிழமை மத்தியானம் மெல்போர்ன் போய்ச் சேர்ந்ததும், பெட்டியைக்கூட வைக்காமல் நேரே தியேட்டருக்குப் போனேன். டிக்கெட் ஜன்னலில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஆசனங்களின் படம் விரித்திருந்தது. விற்ற இடங்களைக் கலர் பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்ததைவிட அடிக்காதது அதிகம் என்பதைப் பார்த்தேன். மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்: இடம் நிறைய இருக்கிறது, பாஸ் கொடுப்பதில் கஷ்டம் இருக்காது.

"நான் இதில் நடிக்கும் வசந்தாவின் டைரக்டர். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

"மிகவும் சந்தோஷம், கண்ணே. எந்த வரிசை வேண்டும்?" என்றாள். அந்த ஊரில் முன்பின் தெரியாதவனைக்கூட கண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"முன் வரிசை" என்றேன். அவள் விலையைச் சொன்னாள். நான் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று நினைத்து, மறுபடியும் நிதானமாக, நான் நாடகக்காரன், டைரக்டர் என்று விளக்கினேன்.

அவளுக்குக் கோபமே வரவில்லை. "இந்த நாடகத்தின் டைரக்டர் இருக்கிறாரே, அவர் தன் அம்மாவுக்கு இதே ஜன்னலில் காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்கினார், கண்ணே" என்றாள்.

பெற்ற தாய்க்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிற ஊரில் என்ன நியாயம் பேசுவது? கொடுத்தேன். அதற்கு மேல், டிக்கெட்டை விற்பதற்கென்று தனியாக ஒரு கட்டணம். மாலையில் உள்ளே போனால், நடிகர்களின் பெயர் போட்ட புத்தகத்துக்குத் தனி விலை! நம் சபாக்களில் விளம்பரம் நிரம்பிய அந்தப் புத்தகத்தைக் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள், விசிறிக்கொள்ளவாவது உதவும். இங்கே வசந்தாவின் பெயரை அச்சில் பார்க்க நான் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 'விளக்கேந்தும் பணிப்பெண்' என்பதற்கு எதிரே அவள் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இறங்கிய கோபத்தை என் பக்கத்து நாற்காலிக்காரி ஏற்றிவிட்டாள். இளம் பெண், மடியில் மிட்டாய்ப் பொட்டலம். அவளோடு வந்தவர்கள் அந்த வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆஸ்பத்திரி நர்சுகளாம். "எங்கள் விடுதிக்கு இந்த டிக்கெட்டை இலவசமாக அனுப்பினார்கள்" என்றாள். "விற்காத இடங்களை இப்படித்தான் நிரப்புவார்கள். எங்கள் விடுதிக்கு டிக்கெட் வந்தாலே அந்த நாடகம் சீக்கிரம் மூடப்படும் என்று அர்த்தம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. நாடகத்துக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்? நாடகத்துக்காகப் பெண்டாட்டியின் வளையலை அடகு வைத்தவன் காசு கொடுக்க வேண்டும், நர்சுக்கு இலவசம்! மிட்டாய் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் பாதி போயிற்று. ஆட்டமும் பாட்டும் பட்டுத்துணியுமாக மேடை கண்ணைப் பறித்தது. இருபது நிமிஷம் இடைவேளை. ஜனங்கள் பாருக்குப் பாய்ந்தார்கள். வசந்தாவின் காட்சி இரண்டாம் பாதியின் ஆரம்பத்தில் என்று சொல்லியிருந்ததால், நான் நாற்காலியை விட்டு அசையவில்லை.

திரை உயர்ந்தது. கையில் விளக்கோடு வசந்தா வந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ராஜா அவளைப் பார்த்தார். அவள் ராஜாவைப் பார்த்தாள். உடனே ராஜா பாட ஆரம்பித்துவிட்டார். பாட்டு முடிந்தது, வேறு காட்சி வந்தது, அதுவும் போயிற்று. வசந்தா கடைசிவரை ஒரு மூலையில் விளக்குத் தூண் மாதிரி நின்றாள். வாயைத் திறக்கவே இல்லை.

தியேட்டரின் பின்வாசலில் அவளைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "வசனம் எங்கே?"

"வெட்டிட்டாங்க சார். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து இல்லை." மேக்கப்பைத் துடைத்த முகம் வெளிறியிருந்தது. "பதினோரு மணி தாண்டினா ஆர்க்கெஸ்ட்ராக்காரங்களுக்கு ஓவர்டைம் குடுக்கணுமாம். ஷோ நாலு நிமிஷம் தாண்டிடுது. அதனால அந்தக் காட்சி போயிடுச்சு. உங்ககிட்ட சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு சொல்லல."

வராமல் இருந்திருப்பேனா? முன்னாலேயே வந்து சண்டை போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் ஊரடங்கு போட்ட மாதிரி இருந்தது. கடை இல்லை, சினிமா இல்லை, தெருவில் நாய் இல்லை. வசந்தா வீட்டிலேயே இருந்தோம். செல்வம் ரசம் வைத்தார். அவர் சமைத்து அவள் பாத்திரம் கழுவுவது அந்த வீட்டு ஏற்பாடு. "இங்கே எல்லாம் ரூல்ஸ்தான் லா, சண்டை போட்டு ஒண்ணும் ஆவாது" என்றார், தன் ஊர் வழக்கப்படி நடுவில் ஒரு 'லா'வைச் சேர்த்து. நல்ல மனுஷர்; ஆனால் நாடகக்காரர் இல்லை.

"என்னதான் அந்த ரெண்டு வரி? சொல்லேன்" என்று வசந்தாவைக் கேட்டேன்.

கையில் சோப்பு நுரையோடு திரும்பி நின்றாள். "ராஜா ராணியை விட்டுட்டு வேட்டைக்குப் போயிட்டு வர்றார் சார். வந்ததும் என்னைக் கேக்கறார், நான் போன பிறகு ராணி அழுதாளான்னு. நான் சொல்றேன்: 'அழுதார்கள், பிரபு.' ராஜாவுக்கு ஒரே பெருமை. 'பிறகு?' அப்படிங்கறார்." நிறுத்தினாள். குழாயில் தண்ணீர் சொட்டியது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "'பிறகு சாப்பிட்டார்கள்.'"

நானும் செல்வமும் வெடித்துச் சிரித்தோம். அவர் இதைப் பலமுறை கேட்டிருப்பார். அப்படியும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அடுத்த சனிக்கிழமையோட ஷோவை மூடறாங்க சார். நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. இந்த ஊர்ல இன்னொரு கீழ்நாட்டு ராஜா கதை எப்ப வரப்போகுது? வந்தாலும் விளக்குதான் குடுப்பாங்க. முழுசா ஒரு ஹால் என்னைப் பாத்து சிரிச்சுது சார். இன்னும் ஒரே ஒரு தடவை அதைக் கேட்டுட்டா போதும்."

திங்கள்கிழமை காலை தியேட்டர் மானேஜரைப் பார்க்கப் போனேன். டிராமில் தப்பான திசையில் ஏறி, கடல் தெரிந்த பிறகுதான் இறங்கினேன். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. மானேஜர் ஒல்லியான மனிதர். என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். நான் சண்டை போட வந்தவன் என்று தெரிந்ததும் பிஸ்கட்டும் கொடுத்தார்.

அவர் சொன்ன கணக்கைக் கேளுங்கள். நாடகத்தின் உரிமை நியூயார்க்கில் இருக்கிறவர்களுடையது. வசூலில் முதல் பங்கு அவர்களுக்கு. லாபத்தில் அல்ல, வசூலில். ஹால் காலியாகக் கிடந்தாலும் அவர்கள் பங்கு போய்ச் சேர்ந்துவிடும். அடுத்தது தியேட்டர் சொந்தக்காரருக்கு வாடகை. அடுத்தது நடிகர்கள், வாத்தியக்காரர்கள், விளக்கு, துணி. கடைசியில் ஏதாவது மிஞ்சினால் பணம் போட்டவர்களுக்கு. பணம் போட்டவர்கள் யார் என்றால் சில பல் டாக்டர்களும் ஒரு கசாப்புக் கடை முதலாளியுமாம். மிஞ்சவில்லை.

"அதனால்தான் நாலு நிமிஷத்தைக் குறைத்தோம்" என்றார்.

"நாலு நிமிஷம்தானே வேண்டும்? இடைவேளையைக் குறைக்க வேண்டியதுதானே? இருபது நிமிஷம் எதற்கு?" என்றேன். இதைக் கேட்க பிராட்வே போக வேண்டியதில்லை. சபாவில் கடைசி பஸ்ஸுக்குப் பயந்து நாடகம் போடுகிற எவனுக்கும் முதலில் தோன்றுவது இதுதான்.

மானேஜர் கையிலிருந்த பிஸ்கட்டை வைத்துவிட்டார். "இடைவேளை என்னுடையது இல்லை. இங்கே இருக்கிற பார் தியேட்டர் சொந்தக்காரருடையது. இருபது நிமிஷம் இல்லாவிட்டால் பீர் விற்காது. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது."

"அப்படியானால் பீர் விற்பதற்காக வசந்தாவின் வசனத்தை வெட்டினீர்கள்."

"இந்தக் கட்டடத்தில் நஷ்டம் வராத ஒரே பொருள் பீர்தான், சார்" என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அதனாலேயே இன்னும் ஆத்திரம் வந்தது.

நம் சபாக்கள் ஒன்றும் கோயில் இல்லை. காரியதரிசி பக்கவாட்டில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டுவார். போண்டா மிச்சமிருந்தால் கேன்டீன்காரர், இடைவேளையை இன்னும் கொஞ்சம் இழுங்கள் சார் என்று கெஞ்சுவார். முக்கிய விருந்தாளி பேசுகிறேன் என்று எழுந்து அரைமணி நேரத்தை விழுங்குவார். ஆனால் போண்டாவுக்காக எவனும் என் நாடகத்தில் ஒரு எழுத்தை வெட்டியதில்லை. வெட்டச் சொல்ல எவனுக்கும் தைரியம் வந்ததில்லை. இதை அந்த மானேஜரிடம் உரக்கவே சொன்னேன். போண்டா என்றால் என்ன என்று கேட்டார்.

புதன்கிழமை அந்த நகரத்துக்கே இடி விழுந்தது. பீர் ஆலைத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக். இரண்டு மாதமாக நான் அந்த நாட்டில் பல ஸ்ட்ரைக்குகளைப் பார்த்துவிட்டேன். ரயில், தபால், குப்பை வண்டி எது நின்றாலும் ஜனங்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு போவார்கள். பீர் நின்றதும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டிராமில் என் எதிரே இருந்த இருவர் துஷ்டி வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள். "அரசாங்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்றார் ஒருவர். "கைவசம் எத்தனை பாட்டில் இருக்கிறது?" என்றார் மற்றவர்.

வியாழக்கிழமை வசந்தா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சார்! பார்ல வேலை செய்யறவங்களும் ஸ்ட்ரைக்குக்கு ஆதரவா நின்னுட்டாங்க. பாரை மூடிட்டாங்க. நாளையிலேர்ந்து இடைவேளை பத்து நிமிஷம்தான். காட்சியைத் திரும்பச் சேர்த்துட்டாங்க சார்!"

என் வாழ்நாளில் ஒரு ஸ்ட்ரைக்கை நான் மனதார வாழ்த்தியது அன்றைக்குத்தான். சனிக்கிழமை மாலை எனக்கு சிட்னிக்கு ரயில். ஆகவே வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் வாங்கினேன். ஜன்னல்காரி விலையைச் சொல்வதற்கு முன்பே காசை நீட்டினேன். "பழகிவிட்டீர்கள், கண்ணே" என்றாள்.

அன்றைக்கு ஹால் பரவாயில்லாமல் நிரம்பியிருந்தது. முதல் பாதி முடிந்தது. பார் மூடிக் கிடந்ததைப் பார்த்த ஜனங்கள் வெளியே தெருவுக்குப் பாய்ந்தார்கள். எங்கேயாவது ஒரு கடையில் மிச்சம் மீதி இருக்காதா என்ற ஆசை. இடைவேளை பாதியாகக் குறைந்துவிட்டதை வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். யார் படிக்கிறார்கள்? மணி அடித்தது. மறுபடி அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள். அங்கே தாமதமாக வந்தவனை முதல் பாட்டு முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள். மந்திரியானாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். திரும்பிப் பார்த்தேன். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். என் பக்கத்து நாற்காலியும் காலி.

திரை உயர்ந்தது. வசந்தா வந்தாள்.

"ராணி அழுதாளா?" என்றார் ராஜா.

"அழுதார்கள், பிரபு."

"பிறகு?"

நிறுத்தினாள். சரியான அளவு. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "பிறகு சாப்பிட்டார்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் எங்கோ யாரோ இருமினார்கள். நானும் சிரிக்கவில்லை. பாதிக் காலியான ஹாலில் சிரிப்பு கிளம்பாது. முதலில் சிரிக்கிறவனுக்குத் துணை வேண்டும். இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ராஜா பாட ஆரம்பித்தார். வசந்தா விளக்கோடு மூலைக்குப் போய் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பாட்டு முடிந்ததும் கதவுகள் திறந்தன. திபுதிபுவென்று வந்தார்கள். பீர் கிடைக்காமல் ஆளுக்கொரு ஐஸ்கிரீமைப் பிடித்துக்கொண்டு, எங்கள் கால்களை மிதித்துக்கொண்டு நுழைந்தார்கள். மேடையில் அதற்குள் ராணி வந்து, மரணப்படுக்கையில் கிடந்த தன் தகப்பனுக்காக உருக ஆரம்பித்திருந்தாள். என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரிய ஆகிருதி தொப்பென்று உட்கார்ந்து, என் காதருகே கேட்டது: "நான் வருவதற்குள் ஏதாவது போய்விட்டதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஐஸ்கிரீமைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஏதாவதா? ஏதாவதா போய்விட்டது? கடல் தாண்டி வந்த ஒரு பெண்ணின் மொத்த நடிப்பும் போய்விட்டது, அடப்பாவி! ஆனால் வாயைத் திறந்ததும் எனக்குள் இருந்த டைரக்டர்தான் பேசினான். அடிக்குரலில் அவரிடம் சொன்னேன், ராஜா கேட்டதை, அவள் சொன்னதை. "பிறகு?" என்றார் ராஜா என்றேன். அவள் நிறுத்திய அளவு நானும் நிறுத்தினேன். "பிறகு சாப்பிட்டார்கள்" என்றேன்.

அந்த மனிதர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த சபாவிலும் கேட்டதில்லை. நாற்காலி குலுங்கியது. ஐஸ்கிரீம் என் வேட்டியில் விழுந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி "உஷ்" என்றார்கள். தகப்பனுக்காக அழுதுகொண்டிருந்த ராணி திடுக்கிட்டு ஒரு வரியை விழுங்கினாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டும் விடாமல் குலுங்கினார். மூலையில் விளக்கு லேசாக அசைந்தது.

பின்வாசலில் வசந்தா வருவதற்குக் காத்திருந்தேன். என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் தேறவில்லை. அவள் மேக்கப்பைக்கூடத் துடைக்காமல் வந்தாள்.

"சார், ராணி சீன்ல ஒருத்தர் சிரிச்சாரே, கேட்டீங்களா? உள்ள பெரிய ரகளை. ராணியா நடிக்கறவங்க அழுதுட்டாங்க. குடிச்சிட்டு வந்தவன்னு மானேஜர் சொல்றார். பீரே இல்லாத ஊர்ல எங்க போய்க் குடிச்சிருப்பான்னு யாருக்கும் புரியல."

"உனக்குப் புரிந்ததா?" என்றேன்.

அவள் என் வேட்டியில் இருந்த ஐஸ்கிரீம் கறையைப் பார்த்தாள். மெல்போர்னுக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

"எனக்கு வர வேண்டிய சிரிப்பு சார் அது. வெளிய நின்னுட்டிருந்துது. கதவைத் திறந்ததும் வந்துடுச்சு."